பட்டியலில் ஐந்தாவது போன்

ஏரியின் அடியில் இரண்டு வருடமாகக் கிடக்கும் போன் ஒன்று, புதுக் கேபிள் இழுத்த அன்று மாலை நாலு மணிக்கு, லைன்காரர் வீட்டு வைஃபையில் வந்து சேர்ந்துகொண்டது. அந்த வீட்டில் இணைந்திருக்க வேண்டிய கருவிகள் நான்குதான்: அவர் போன், மகளின் போன், மகளின் லேப்டாப், கூடத்து டிவி. புது வைஃபைப் பெட்டி காட்டிய பட்டியலில் ஐந்து இருந்தன. ஐந்தாவது, செத்துப்போன அவர் மனைவியின் போன். அதை ஏரியில் வீசியவர் அவரேதான். பட்டியலை மூடித் திறந்து பார்த்தார், பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஐந்து ஐந்தாகவே இருந்தது. இருபது வருடம் கம்பம் ஏறிய மனிதர் அன்று வாசற்படி இறங்கவில்லை.

இதில் அவர் தப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. பழைய செம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் போடும் வேலை அவர் குடியிருந்த தெருவில் நாற்பத்திரண்டு வீடுகளுக்கு நடந்தது. புதுப் பெட்டி வைத்தால் வைஃபைக்குப் புதுப் பெயரும் புது பாஸ்வேர்டும் வைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அப்படி வைத்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனையும் டிவியையும் வாசல் கேமராவையும் உட்கார்ந்து திரும்ப இணைத்துக் கொடுக்க வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும். ஒரு நாளைக்கு நாலு வீடு முடித்தாக வேண்டும் என்று மேலதிகாரி உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே லைன்காரர் எல்லா வீட்டிலும் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே புதுப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார். கருவிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டன. அந்தந்த வீட்டின் பாஸ்வேர்டை ஒரு காலத்தில் தெரிந்துவைத்திருந்து, பிறகு இல்லாமல் போனவர்களும் கூடவே வந்துவிட்டார்கள்.

ஒரே வாரத்தில் பதினேழு வீடுகளில் இது நடந்தது. தையற்காரம்மா வீட்டில் மாமியாரின் போன் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில், தீ விபத்தில் தம்பியோடு சேர்ந்து உருகிப்போன டேப்லெட் வந்தது. அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை, ஒரு செய்தியும் அனுப்பவில்லை, சும்மா வந்து இருந்தார்கள். ஆனால் அவர்கள் இருந்த வீட்டில் வேகம் மட்டும் ஏறவில்லை. பழைய கருவி ஒன்று பேச ஆரம்பித்தால், அது மெதுவாகப் பேசி முடிக்கும்வரை புதுப் பெட்டி மற்ற எல்லாவற்றையும் காக்கவைத்தது. தையற்காரம்மா, "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். அத்தை பேச ஆரம்பிச்சா நாங்க யாரும் வாயத் திறக்க முடியாது" என்று சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்போடேயே அழுதார்.

கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வேகத்தைக் கெடுக்கும் பழைய கருவிகளை நீக்கவும், பாஸ்வேர்டை மாற்றவும் என்று இருந்தது. இறந்தவர்கள் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. லைன்காரர் மறுபடியும் வீடு வீடாகப் போனார். புது பாஸ்வேர்ட் வைத்து, அதைத் துண்டுச் சீட்டில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு பெட்டியின் பதிவைத் திறந்தால் 'தவறான பாஸ்வேர்ட்' என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது. தலைமையாசிரியர் வீட்டில் முதல் நாள் நானூற்றுச் சொச்சம் முறை, மறுநாள் நூறு, ஒரு வாரம் கழித்து நாளுக்கு ஒன்று. பிறகு அதுவும் நின்றது. வேகம் சொன்னபடி வந்தது. தலைமையாசிரியர் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டு, "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்ப்பா" என்றார். லைன்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்ற வீடுகளிலும் ஒவ்வொன்றாக அப்படியே ஆயிற்று.

மாற்றாமல் மிஞ்சியது அவர் வீடு ஒன்றுதான். எட்டு மாதம் அப்படியே ஓடியது. மகள் வேலை தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு வீடியோ இன்டர்வியூவில் அவள் முகம் பாதி வாக்கியத்தில் உறைந்து நின்று, எதிரில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பட்டியலை அவளும் பார்த்திருந்தாள். அதைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை. சனிக்கிழமை சாப்பிடும்போதுதான் சொன்னாள்: "திங்கட்கிழமை மூணாவது கம்பெனிப்பா. இதுவும் நடுவுல நின்னா இன்னொரு தடவ கூப்பிட மாட்டாங்க. நான் எதுவும் சொல்லல. நீங்களே பாத்துக்குங்க." அவர் தட்டைத் தள்ளிவைத்தார். இருக்கிறவளை விட்டுவிட்டு, போனவளைப் பிடித்துக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மனைவி கண்டுபிடிக்கவே முடியாத பாஸ்வேர்டாக இருக்க வேண்டும். பிறந்த நாள்கள் அவளுக்குத் தெரியும், வண்டி நம்பர் தெரியும், மகளுக்குச் செல்லப்பெயர் வைத்ததே அவள்தான். யோசித்துப் பார்த்ததில், அவளுக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அவள் இறந்த அன்று மதியம் மூன்று பன்னிரண்டுக்கு, நெஞ்சு வலியோடு தனியாக இருந்தவள் அவரைக் கூப்பிட்டாள். அவர் கம்பத்தின் மேல் இருந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், பெயரைப் பார்த்தார், ஏதாவது வாங்கிவரச் சொல்வாள் என்று கட் பண்ணினார். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கியபோது பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போன் வண்டியில் இருந்தது, சத்தம் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார், மகளிடமும் சொன்னார். மனைவியின் போனில் அதற்கு ஏதாவது தடயம் இருக்கும் என்று பயந்துதான் மூன்றாம் நாள் அதை ஏரியில் வீசினார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் போயிருப்பாள் என்பது ஒன்றுதான் இத்தனை நாளும் அவரைத் தூங்கவிட்டது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, பெட்டியின் முன் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் 'பார்த்துட்டுதான் கட் பண்ணேன்' என்று அடித்து, கடைசியில் 312 சேர்த்தார். பெட்டி அணைந்து எரிந்தது. பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அந்தச் சொற்களை அவர் இதுவரை எந்த உயிரிடமும் சொன்னதில்லை. காலியாகத்தான் இருந்தது, நாலு நிமிடம். பிறகு ஒரு போன் வந்து சேர்ந்தது. தவறான முயற்சிகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தது.

அவருக்கு முதலில் வந்தது வெட்கம். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எட்டு மாதம் இந்த வீட்டில் வந்து இருந்திருக்கிறாள். இப்போதும் தெரிந்துதான் வந்திருக்கிறாள். அதை நினைத்ததும் அவர் தரையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மகள் லேப்டாப்போடு வந்து நின்றாள். "நெட் போயிடுச்சே, மாத்திட்டீங்களா? புது பாஸ்வேர்ட் என்னப்பா?"

நாற்பத்தொரு வீட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர், தன் வீட்டில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவள் அடித்துக்கொண்டே வந்தாள். பாதியில் விரல் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை, மிச்ச எழுத்துகளையும் மூன்று எண்களையும் சொல்லி முடித்தார். அவள் விட்ட எழுத்திலிருந்து அடித்தாள். பிறகு அந்த எண்களையும் அடித்து, பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

பெட்டியை அதற்கு மேல் யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை இன்டர்வியூவில் படம் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் மகள் பதறாமல் காத்திருந்தாள். படம் திரும்ப வந்ததும் எதிரில் இருந்தவர்களிடம், "வீட்ல அம்மாவும் நெட்ல இருக்காங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பதிலைத் தொடர்ந்தாள்.