கைகட்டி நிற்காத பாட்டு

தீவுக்குப் பள்ளி உண்டு. அந்தப் பள்ளியில் தீவின் பாட்டுக்கு மட்டும் இடமில்லை! தாய் பாடிய பாட்டைப் பிள்ளை பாடினால் வாயை மூடச் சொன்ன அந்த வழக்கத்தை ஒழிக்கவே எங்கள் இசை அறக்கட்டளை பிறந்தது. பாட்டைக் கேட்டுவிட்டு, வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லத் தலைமையாசிரியர் அன்று அரங்குக்கு வந்து அமர்ந்தார்.

படகுகளைக் கரைக்கு இழுக்கும் பெண்களே பாடகியர். அறக்கட்டளையின் செயலாளர் அவர்களுக்குச் சீருடை அணிவித்து, கைகட்டி வரிசையாக நிற்க வைத்திருந்தார். பாட்டு தொடங்கியது, இரண்டாம் அடியிலேயே தாளம் தடுமாறியது. தலைமையாசிரியர் கொட்டாவியை விழுங்கினார்.

"என்னடி ஆச்சு?" என்று மேடையோரம் ஓடிவந்தார் செயலாளர்.

"சும்மா நின்னா எப்படி அண்ணி பாட்டு வரும்?" என்றாள் முன்பாடகியான அவருடைய நாத்தனார். "கை இழுத்தாத்தான் வாய் பாடும். நீங்க எங்களைப் போட்டோ எடுக்க நிக்க வச்ச மாதிரி வச்சிருக்கீங்க!"

"என் புத்திதான் போச்சு!" என்ற செயலாளர் உடனே ஒரு படகுக் கயிற்றைக் கொண்டுவரச் செய்தார். ஒரு முனையைப் பெண்கள் பற்றினர். மறுமுனையைத் தலைமையாசிரியரிடமும் அவருடன் வந்த ஆசிரியர்களிடமும் நீட்டினார்.

பெண்கள் இழுத்தனர். அடங்கிக் கிடந்த பாட்டு அலையென எழுந்தது, அரங்கு அதிர்ந்தது! படித்தவர் கூட்டம் முழுவதும் வழுக்கிக்கொண்டே மேடையை நோக்கி வந்தது. மூச்சிரைத்த தலைமையாசிரியரின் வாயோ, பெண்களோடு சேர்ந்து "ஏலோ, ஏலோ" என்று முழங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சார், முடிவு சொல்றீங்களா, இன்னும் இழுக்கட்டுமா?" என்றாள் நாத்தனார்.

"திங்கக்கிழமை முதல் பீரியடே உங்களோடதுதாம்மா!" என்று கூவினார் அவர். "இப்ப நிறுத்தாதீங்க, அடுத்த அடியைப் பாடுங்க!"