காற்று இருந்த குழாய்

பீளமேட்டில் பம்புசெட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் சசிதருக்கு, குழாயில் காற்றுக் குமிழைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. காற்று அடைத்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. முதல் வேலையே காற்றை வெளியேற்றுவதுதான். இருபது வருடப் பழக்கம்.

ஆறாவது படிக்கும் அவர் மகள் லாஸ்யா பள்ளிக் கண்காட்சிக்காக அட்டையில் இரண்டு கிரேன்கள் செய்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகள், நடுவே மெல்லிய குழாய். இந்தப் பக்கம் அழுத்தினால் குழாயிலுள்ள தண்ணீர் அந்தப் பக்கத்துச் சிரிஞ்சைத் தள்ளும்; கிரேனின் கை உயரும். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது சசிதர் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். ஒன்று இரும்பு நட்டைச் சட்டென்று தூக்கியது. மற்றது அசையவில்லை. குழாயில் பாதிக்கு மேல் காற்று.

'புள்ள கவனிக்காம உட்டுருச்சு' என்று நினைத்தபடி தண்ணீரை நிரப்பி, தட்டித் தட்டிக் குமிழே இல்லாமல் ஆக்கினார். சொன்னால் சங்கடப்படுவாள் என்று சொல்லவில்லை.

பள்ளியில் நடுவராக வந்த ஆசிரியையிடம் லாஸ்யா விளக்கினாள்.

"இதுல தண்ணிங்க மிஸ். தண்ணி சுருங்காது, அதனால தூக்குது. இதுல காத்துங்க. அமுக்குனா காத்து சுருங்கிக்கும், நட்டு அப்படியே கெடக்கும் பாருங்க."

அழுத்தினாள். நட்டு ஜம்மென்று மேலே போனது.

"உங்கூட்டுக் காத்து ஜிம்முக்குப் போகுதாட்ட இருக்குது" என்றாள் பக்கத்து மேசை அக்‌ஷிதா.

"இன்னொருக்கா நல்லாப் படிச்சுக்கோ கண்ணு" என்று ஆசிரியை நகர்ந்தார்.

சசிதர் பின்னால்தான் நின்றிருந்தார். 'நான்தானுங்க மாத்திப்போட்டேன்' என்று சொன்னால் போதும். சுற்றிலும் பெற்றோர்கள், அவர்களில் இருவர் அவருடைய வாடிக்கையாளர்கள். செல்போனைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

லாஸ்யா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, நீங்க தொட்டீங்களா?"

"காத்து நின்னுதுன்னு சரி பண்ணிப்போட்டேன் அம்மணி."

"எவ்வளவு காத்து உட்டா நட்டு ஏறாதுன்னு கண்டுபுடிக்க மூணு நாளாச்சுங்கப்பா." குரலில் கோபமில்லை. "மிஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அவர் மேசைகளைக் கடந்து ஓடிப்போய் ஆசிரியையிடம் சொன்னார். ஆசிரியை சிரித்தார்.

"எல்லா அப்பாவும் இப்படித்தானுங்க, புள்ளைக்காகப் பேசறீங்க. மார்க் போட்டாச்சுங்க."

திரும்பி வந்தபோது லாஸ்யா குழாயிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று சசிதருக்குத் தெரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.