தொட்டால் ஒட்டாது

புருஷன் ஜாபேஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவனுக்கு எச்.ஐ.வி. என்று எப்சிக்குத் தெரிந்தது. பரிசோதித்ததில் அவளுக்கும் இருந்தது. கலியாணத்துக்கு முன்பே அவன் வீட்டாருக்கு அது தெரியும் என்பதை அடக்கத்தன்று நாத்தனார் வாய்தவறிச் சொன்னாள். எப்சி புருஷன் ஊரான முக்கூடலை விட்டுப் பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அண்ணன் ஹெப்ரான் விலங்கியல் வாத்தியார். சாயங்காலம் முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன். அன்றைக்கு அவன் எடுத்தது அவளுடைய நோயைத்தான். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“வைரஸ் தானாப் பெருக முடியாது. ரத்தத்துல காவலுக்கு நிக்கிற வெள்ளை அணுவாப் பாத்து ஒட்டும். உள்ள போயி, தன்னோட ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வா மாத்தி, அந்தச் செல்லோட டி.என்.ஏ.வுலயே சொருகிரும். அப்புறம் அந்தச் செல்லே புதுசு புதுசா வைரஸைச் செஞ்சு வெளிய தள்ளும். கடைசில அழிஞ்சு போகும்.”

இத்தனை தெளிவாக ஆஸ்பத்திரியில்கூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

“மாத்திரை போட்டா சரியாகுமா சார்?” ஒரு பெண் கேட்டாள்.

“பெருகாமத் தடுக்கும். செல்லுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கத எடுக்க முடியாது. ஆயுசு பூரா போடணும். ஆனா தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல தின்னா ஒட்டாது. அதை மறக்காம எழுதுங்க.”

தொட்டிலில் அவன் மகள் ஆன்லின் வீரிட்டது. மதினி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். எப்சி கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். அழுகை நின்றது. முன்னறையில் பேச்சும் நின்றது. ஹெப்ரான் விறுவிறுவென்று வந்து பிள்ளையைப் பிடுங்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனான். சோப்புப் போட்டுக் கழுவினான்.

“இப்பதானண்ணே தொட்டா ஒட்டாதுன்னு சொன்னிய?”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “அது பாடம்ட்டி. இது பிள்ளை.”

“ஒங்களுக்குத் தெரியாததா?”

“தெரிஞ்சாலும் மனசு கேக்கல. பைய பேசு, வெளிய பிள்ளைய இருக்காவ.”

மாத்திரை டப்பாவையும் சேலைகளையும் பையில் திணித்துக்கொண்டு, பாடம் கேட்டவர்கள் நடுவாகவே அவள் வெளியேறினாள். “தங்கச்சிதான். ஊருக்குப் போறா,” என்று அவன் சிரித்தபடி சொன்னது வாசல்வரை கேட்டது.

முக்கூடலில் வேறு தெருவில் வீடு பிடித்து, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அண்ணனிடம் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அவனே போன் செய்தான். “பண்டிகைக்கு வாட்டி. ஒன் மதினியும் கூப்பிடச் சொன்னா.”

“வந்தா ஆன்லினைத் தூக்கலாமா?”

அவன் இருமினான். “மொதல்ல நீ வா. அப்புறம் பாத்துக்கிடலாம்.”

எப்சி போனை அணைத்தாள். பண்டிகைத் தையல் குவிந்து கிடந்தது.