மழை அழித்த மூக்கு

இல்யா பழைய தேவாலயத்தில் கட்டிய சாரத்தின் மூன்றாவது தட்டில் நின்று, சுவரிலிருந்த சிற்பக் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். எழுநூறு வருஷத்து அழுக்கு கறுப்பாக வழிந்தது. அழுக்கு போகப் போக உருவம் துலங்கியது. ஒரு பெண்பன்றி. அதன் மடியில் வாய் வைத்துத் தொங்கும் மூன்று மனிதர்கள். தலையில் கூம்புத் தொப்பி. இவர்கள் யூதர்கள் என்று ஊருக்குக் காட்ட வைத்த தொப்பி. செதுக்கியவன் கைதேர்ந்தவன். அதுதான் இல்யாவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

நடு ஆளின் முகத்தை மட்டும் மழை தின்றிருந்தது. மூக்கு இருந்த இடம் வழவழவென்று கிடந்தது.

மேஸ்திரி டெட்லெஃப் மூச்சு வாங்க ஏணியேறி வந்தார். கையில் வேலைப் பட்டியலும் பழைய புகைப்படம் ஒன்றும்.

"பதினாலாவது வேலை இது. தேஞ்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு, புதுக் கல் பதிச்சு மூக்கைச் செதுக்கணும். போட்டோல இருக்கிற மாதிரியே வரணும். முகம் செதுக்க உன்னை விட்டா யாரு இருக்கா?"

பக்கத்தில் சாந்து கலந்துகொண்டிருந்த ரோனி சிரித்தான். "கொஞ்சம் பெரிசாவே வெச்சிருடா ரஷ்யாக்காரா. அவனுங்களுக்கு அளவு பத்தாதுன்னு வருத்தமாயிடும்."

ஒன்பது வருஷமாக அவர்களுக்கு இல்யா ரஷ்யாக்காரன்தான். அவன் பிறந்தது உக்ரைனில். சோவியத் காலத்தில் அங்கே அவன் அடையாளச் சீட்டின் ஐந்தாம் வரியில் 'யூதன்' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் கல்லூரியில் இடமில்லை, பட்டாளத்தில் உதை. பிறகு யூதர்களுக்குக் கதவு திறந்த ஜெர்மனிக்குள் அதே சொல்லைக் காட்டித்தான் வந்தான். வேலையிடத்தில் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

"மழை எழுநூறு வருஷமா அழிச்சிருக்கு. நாம எதுக்கு மறுபடி வைக்கிறோம்?" என்றான்.

"பழஞ்சின்னம்ப்பா. முன்ன இருந்தபடியே காப்பாத்தணுமாம். கீழே ஒரு விளக்கப் பலகை வைக்கிறாங்க, 'இது தப்பு, வருந்துகிறோம்'னு."

"எவ்வளவு பெரிசு பலகை?"

டெட்லெஃப் இரண்டு கையையும் ஒட்டி வைத்துக் காட்டினார்.

"பன்னி இம்மாம் பெரிசு. வருத்தம் ரெண்டு கை அகலமா?"

"உனக்கேன் இவ்வளவு கோபம்?" என்றான் ரோனி. "எவன் இங்க பார்த்து அழப்போறான்? நான் என் ஜென்மத்துல ஒரு யூதனைக்கூடப் பார்த்ததில்லை."

"ஒன்பது வருஷமா என் பொண்டாட்டி சுட்ட கசகசா ரொட்டியைத் தின்னுக்கிட்டிருக்கியே, அது யாரு வீட்டு ரொட்டின்னு நெனச்சே?"

ரோனியின் கரண்டி சாந்துக்குள் நின்றது. அவன் கண் தன்னையறியாமல் இல்யாவின் மூக்குக்குப் போனது. போனதை இல்யா பார்த்தான். அந்தப் பார்வை கேலியைவிட அதிகமாகக் குத்தியது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் டெட்லெஃப், குரலைத் தணித்து. "தெரிஞ்சிருந்தா உன்கிட்ட குடுத்திருக்க மாட்டேன். ரோனி செய்யட்டும்."

"நான் செஞ்சாதான் தப்பு, ரோனி செஞ்சா சரியா?"

"வம்பு பண்ணாதே. வேலைன்னா வேலை."

"சரி. அப்ப ரோனி அவன் குறியைப் போடட்டும்."

பதிக்கிற ஒவ்வொரு புதுக் கல்லிலும் செதுக்கியவன் தன் குறியை வெட்டி வைப்பது அவர்கள் வழக்கம். தப்பு வந்தால் யார் கை என்று தெரியும், நன்றாக வந்தால் பேரும் அவனுக்கே. ரோனி தரையைப் பார்த்தான்.

டெட்லெஃப் காதைச் சொறிந்தார். "இந்தக் கல்லுக்குக் குறி வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். விடேன்."

"இங்க பாருங்க." இல்யா பன்றியின் பின்னங்காலுக்குக் கீழே விரலை வைத்தான். அழுக்குக்குள்ளிருந்து இப்போதுதான் வெளிவந்த குறி, ஒரு அம்பும் குறுக்குக் கோடும். "அந்த நாய் வெக்கமில்லாம தன் குறியை வெட்டிட்டுப் போயிருக்கான். உங்களுக்கு வெக்கம் இருக்கு. வெக்கத்தோடயே வெட்டப் போறீங்க! அவனே மேல்!"

டெட்லெஃபின் முகம் சிவந்தது. "ஐம்பத்தாறு வயசுல உனக்கு எவன் வேலை தருவான்? இறங்கினா இறங்கினதுதான். திரும்ப ஏறிடாதே."

இல்யா உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தோல்பைக்குள் செருகினான். மனைவி ஃபைனாவிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது, கை நிற்கவில்லை. ரொட்டிப் பொட்டலம் பலகைமேல் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டான்.

ஏணியில் இறங்கும்போது தான் பதித்த கற்களைக் கடந்து வந்தான். நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றிலும் அவன் குறி இருந்தது.

கீழே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே காதை மேலே வைத்திருந்தான். ஒரு நிமிஷம் சத்தமில்லை. ரோனி செய்ய மாட்டானோ என்று ஒரு நப்பாசை.

பிறகு சுத்தியல் விழுந்தது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. ரோனியின் கை அப்படித்தான் அடிக்கும்.

"குறியைப் போடுடா!" என்று இல்யா தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். "செய்யறவன் பேரைப் போட்டுட்டுச் செய்யி!"

சுத்தியல் நின்றது. இல்யா கழுத்து வலிக்கிற வரை நின்று பார்த்தான். அது மறுபடி தொடங்கிய பிறகுதான் சைக்கிளில் ஏறினான்.