ரெண்டு தடவை சிமிட்டினால் வா

அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைந்து எரிகிறது சமையலறையின் குண்டு பல்பு, அதன் கீழே அரிவாள்மணையில் உட்கார்ந்திருக்கிற மயிலாத்தாள் நிமிர்கிறாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என்னங்க என்கிறாள், இருபது வயசுகூட இருக்காது, மூக்குத்தி பளிச்சென்கிறது, இல்லை, வந்து சேர்வதற்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது, மூக்குத்தி மட்டும் அப்படியே, சென்னியப்பன் கண்ணைத் திறந்தார், சமையலறை இருட்டாகத்தான் கிடந்தது, அந்த விளக்கின் சுவிட்ச் இங்கே கூடத்துச் சுவரில் அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, அவருடைய வலது கை போர்வைக்கு வெளியே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது.

அப்பா தூங்கறீங்களா என்று கேட்டாள் மகள் கோகிலா, சென்னையிலிருந்து வந்தவள், அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேச்சைக் கேட்டு விளக்கை எரித்து அணைக்கும் புது சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்திருந்தாள், எலக்ட்ரீசியன் பாஷா டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், நியூட்ரல் வயரு இந்தப் பெட்டிக்கே வரலீங்கக்கா, நேரா விளக்குக்குப் போயிருச்சு, அந்தக் காலத்து வயரிங் அப்படித்தானுங்க, அது இல்லாம நீங்க வாங்கின சுவிட்ச்சுக்கு உசுரு வராது, வயரு போற குழாயெல்லாம் துருப் புடிச்சுக் கெடக்குது, சுவத்தக் கொத்தித்தான் இழுக்கோணும், கொத்தினா பாதிச் சுவரு கையோட வந்துரும். கோகிலா பெருமூச்சு விட்டாள், இது சரிப்படலைன்னா நீங்களும் அம்மாவும் பொட்டியக் கட்டிட்டு எங்கூட சென்னைக்கு வந்துருங்கப்பா, இனிமேல் உங்களத் தனியா விட எனக்குத் தைரியமில்ல, என்றாள். அவர் சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார்.

அந்தப் பெட்டி அங்கே இருப்பதே ஒரு தப்பு, வீடு கட்டும்போது குழாய் புதைத்தவன் எந்த ஞாபகத்தில் இருந்தானோ, சமையலறை விளக்கின் சுவிட்சைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டான், கல்யாணமான புதிதில் ஒரு நாள், ஈரோட்டுக்கும் காங்கேயத்துக்கும் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்ந்து வந்த கண்டக்டர் சென்னியப்பன் ஃபேன் என்று நினைத்து அதைத் தட்டுகிறார், உள்ளே இருட்டில் பாத்திரம் உருளுகிறது, கையில் கரண்டியோடு வந்து நிற்கிறாள் மயிலாத்தாள், எந்த மகராசன் வெளக்க அமத்தினது, பத்து வயதில் வந்த காய்ச்சலில் காது போனவள், தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று தெரியாமல் தெருவுக்கே கேட்கும்படி கேட்கிறாள், அவர் சிரித்துவிட்டார், பிறகு அவளும். அன்றைக்குப் பிடித்த பழக்கம், பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், ரெண்டு என்றால் போகலாம், வீட்டில் விளக்கு ஒரு தடவை சிமிட்டினால் பசிக்கிறது, ரெண்டு தடவை என்றால் வா, மூன்று என்றால் ஒன்றுமில்லை, சும்மா, அந்தச் சும்மாவுக்குத்தான் அவள் அதிகம் வந்து எட்டிப் பார்த்திருப்பாள், வேற வேல இல்லீங்களா உங்களுக்கு என்று சலித்துக்கொண்டு திரும்புவாள், திரும்பிய பிறகு சிரிப்பாள், அது அவருக்குத் தெரியாதென்று அவளுக்கு நினைப்பு. அந்தத் தப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று வந்தவர்களையெல்லாம் அவர் வாசலோடு அனுப்பிவிட்டார்.

பிறகு வாதம் வந்து வலது பக்கத்தை எடுத்துக்கொண்டது, பட்டனை அமுக்கினால் வெளிச்சம் அடிக்கிற மணி ஒன்றைக் கோகிலா அனுப்பிவைத்தாள், நடுங்குகிற இடது கையிலிருந்து அந்தப் பட்டன் நழுவிக் கட்டிலுக்கடியில் போயிற்று, போன மாதம் ஒரு மத்தியானம், நெஞ்சை அடைத்தது, சுவிட்சை எட்டப் பார்த்துத் தரையில் விழுந்தார், மயிலு மயிலு என்று கத்தினார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, மயிலு சுவருக்கு அந்தப் பக்கம் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு வெடிக்கிற வாசம் தரையில் கிடந்தவரின் மூக்குக்கு வந்தது, அவர் போட்ட சத்தம் அவளுக்குப் போகவில்லை. தட்டோடு வந்தவள் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரியலீங்களே, எனக்குத் தெரியலீங்களே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள், அதிலிருந்து அடுப்பில் ஒரு கண்ணும் கூடத்தில் ஒரு கண்ணுமாக நிமிஷத்துக்கொரு தரம் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், பாவம், குழம்பெல்லாம் தீய்ந்து போகிறது, அவர் அதையே சாப்பிட்டு முடிக்கிறார்.

நியூட்ரல் கேக்காத சுவிட்சும் இருக்குதாம்ப்பா, என்று கோகிலா செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாள், அது வந்து சேரும்வரை பொறுத்திருந்தார்கள், பாஷா வந்து மாட்டினான், ஒண்ணே ஒண்ணுங்கக்கா, இது உசுரோட இருக்கிறதுக்கு பல்பு வழியாத்தான் துளியூண்டு கரண்ட் எடுக்கும், அதனால அமத்தினாலும் இப்ப மாட்டியிருக்கிற எல்.ஈ.டி. பல்பு லேசா மினுங்கிட்டே இருக்கும், வேண்டாம்னா ஒரு சின்ன சாமான் கோத்து அதை நிறுத்திரலாம், நாளைக்குக் கொண்டாறேன். தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கரை வைத்தாள் கோகிலா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா லைட்டு ரெண்டு தடவை அணைஞ்சு எரியும், என்ன வார்த்தை வெக்கட்டும்ப்பா. அவர் யோசிக்கவே இல்லை, மயிலு, என்றார்.

எத்தனை வருஷமாக அந்த முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிற பேர், அவள் கோலம் போடும்போது, துணி காயப்போடும்போது, சொல்லிப் பார்த்துக்கொள்வார், போய்ச் சேராது, சேராவிட்டால் என்ன என்று மறுபடி சொல்வார். இப்போது சொன்னார், குரல் பிசிறியது, ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமா, என்றாள் கோகிலா, மயிலு, சமையலறை விளக்கு அணைந்தது, எரிந்தது, அணைந்து எரிந்தது, மயிலாத்தாள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள், கோகிலா அவள் முகத்துக்கு நேராக நின்று உதட்டை அசைத்துச் சொன்னாள், அப்பா உங்க பேரச் சொன்னா லைட்டு அணையுதும்மா. பேரையா, என்றாள் மயிலாத்தாள், அவரைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள், எங்க, இன்னொருக்காச் சொல்லுங்க, என்று சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டிச் சமையலறையைப் பார்த்து நின்றுகொண்டாள். மயிலு, என்றார் அந்த முதுகைப் பார்த்து, விளக்கு சிமிட்டியது, அவள் திரும்பவில்லை, கேட்டுதுங்க, என்றாள்.

சாயங்காலம் அடுப்படி வேலை முடிந்து கூடத்துச் சுவிட்சை அமத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், இருட்டுச் சமையலறையில் பல்பு முழுக்க அணையாமல் லேசாக மினுங்கிக்கொண்டிருந்தது, கட்டிலருகே வந்தாள், அமத்தின பின்னாலும் எரியுதுங்களே, இன்னும் கூப்டுட்டேதான் இருக்கீங்களா, என்று கேட்டாள். நாளைக்கு பாஷா வந்து சரி பண்ணிருவான் என்று சொல்ல வந்த கோகிலாவை அவர் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். வேற வேல இல்லீங்களா உங்களுக்கு, என்றாள் மயிலாத்தாள், ஆனால் இந்தத் தடவை திரும்பிப் போகாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள்.