பெயின்ட் மாற்றிய கிட்டார்

1

இது கதையாக வந்திருக்கவே வேண்டியதில்லை. ‘குறைந்த விலையில் நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்று ஓர் இணையப் பத்திரிகைக்கு ஐந்து குறிப்புகள் எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். என் பிழைப்பு அது. போன மாதம் தண்ணீர் வடிகட்டி, அதற்கு முந்தின மாதம் முதுகுவலிக்காரர்களுக்கான நாற்காலி. கிட்டார் என்றதும் மட்டும் கொஞ்சம் மார்தட்டிக்கொண்டேன். என்னிடம் ஒன்று இருக்கிறது.

நான்கு குறிப்புகள் மளமளவென்று வந்து விழுந்தன. பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், முதலில் கழுத்தை, கம்பிகளுக்கு அடியில் ஓடும் அந்த நீண்ட பலகையைப் பாருங்கள். கிட்டாரைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்தால் கழுத்து வளைந்திருப்பது தெரிந்துவிடும். கம்பிகள் பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். உயரம் கூடினால் விரல் படாத பாடு படும். ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் பயப்பட வேண்டாம், அது வெறும் தூசி. புதிதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

ஐந்தாவது இப்படித் தொடங்கியது: ‘உங்களுக்கு வாசிக்கத் தெரியாதென்றால், கடையில் நிற்கும் விவரம் தெரிந்த ஒருவரைத் தயங்காமல் கே—’

அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரமாகிறது. பத்திரிகையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்; என் யோக்கியதை உங்களுக்கும் தெரியட்டும்.

‘இசைக்கு வயதில்லை என்பார்கள்.’ (யார் என்பார்கள்? நாற்காலிக் கட்டுரையையும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.)

‘அந்தக் கடையில் அன்று மழைக்கு ஒதுங்கியவர்களைத் தவிர—’ (அன்று மழையே பெய்யவில்லை.)

‘கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவர், தன் மனைவிக்குக் கிட்டார் வாங்க, பழைய இசைக்கருவிகள் விற்கும் கடைக்குள் நுழைந்தார். கடையில் அவர்களையும் கடைக்காரரையும் தவிர வேறு யாரும் இல்லை.’

மூன்றாவது பரவாயில்லை. கடைசி வாக்கியம் மட்டும் பொய். அந்தப் பொய்யோடேயே கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கிறேன்.

3

பெயின்டருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நகக்கண்ணில் எந்த சோப்புக்கும் அசையாத வெள்ளி நிறம். அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தாள். காலையும் மாலையும் பேருந்தில் இயர்ஃபோனைக் காதில் செருகிக்கொண்டு பாட்டுக் கேட்பவள். எல்லோரும் பாடகரைக் கேட்டால், அவள் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வரும் கிட்டாரைக் கேட்பாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் இதுதான். எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்றதற்கும் காரணம் வைத்திருந்தாள். குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒயரைச் செருகாவிட்டால் சத்தம் அறையைத் தாண்டாது. செருகினாலும் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம்.

“தப்பா வாசிச்சா எனக்கு மட்டும் கேட்டாப் போதும்” என்றாளாம்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டு மாதம் கூடுதல் நேரம் வேலை பார்த்தார். அந்தப் பணத்தில் புதியது எதுவும் தேறாது. பழையதில் இரண்டு தேறின. கடைக்காரர் இரண்டையும் இறக்கி மேசைமேல் வைத்தார். ஒன்று சிவப்பு, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல இருந்தது. மற்றது பச்சை. மங்கலான, கூச்சமான பச்சை.

(இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. கட்டுரையாக இருந்தால் இங்கே ஒரு பட்டியல் போட்டிருப்பேன்.)

அவள் முதலில் சிவப்பை மடியில் வைத்து ஒரு கம்பியை அழுத்தினாள். அழுத்தி, உதட்டைக் கடித்து, இன்னும் அழுத்தி மீட்டினாள். ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தது. தனக்குத் தெரியாததால்தான் என்று நினைத்துக் கீழே வைத்தாள். பிறகு பச்சையை எடுத்தாள். ஒரே விரல். ஒரே ஒரு சுரம். அது கடையில் கொஞ்ச நேரம் நின்றது. அப்போது அவள் முகத்தில் ஒரு—

(வேண்டாம். அந்த முகத்தை எழுத எனக்கு அருகதை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

“இது கைக்கு வருதுங்க” என்றாள் கணவரிடம்.

அவர் பச்சையை வாங்கினார். அவருக்குத் தெரிந்த வழியில் பார்த்தார். குழல்விளக்குக்கு நேராகச் சாய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். திருகாணிக் குழிக்குள் ஒரு பொட்டு பச்சை தெறித்திருந்தது. அது போதும் அவருக்கு.

“இது கம்பெனி பெயின்ட் இல்லம்மா. மேல அடிச்சிருக்காங்க.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. அவருடைய தொழிலில் மேலே பெயின்ட் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி எங்கோ மோதியிருக்கிறது, யாரோ மறைக்கிறார்கள். நசுங்கின கதவுகளுக்குப் பட்டி பூசி, தேய்த்து, நிறம் சேர்த்து, ஒன்றுமே நடக்காதது போல அவரே எத்தனையோ அனுப்பியிருக்கிறார். வாங்க வந்தவர்கள் அதைத் தடவிப் பார்த்து மயங்குவதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். அந்த ஏமாளிகள் வரிசையில் தன் மனைவியும் நிற்பதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. சிவப்பைத் தடவினார். ஒரு கீறல் இல்லை.

ஆனாலும் அவர் நியாயமான மனிதர். அவள் ‘கைக்கு வருது’ என்று சொல்லியிருக்கிறாள். அதைச் சட்டென்று தள்ளிவிட அவருக்கு மனசு வரவில்லை. அதனால் திரும்பி, கடையில் நின்றிருந்த—

4

கடையில் இன்னொருவன் நின்றிருந்தான். சொல்லிவிடுகிறேன்.

முதல் வரைவில் அவனை வெட்டிவிட்டேன். இரண்டாவது வரைவில் கம்பிகள் தொங்கும் மூலையில் முதுகைக் காட்டி நிறுத்தினேன். பாத்திரமாகச் சரியாக ஒட்டவில்லை. அவனுக்கு ஒரு ஊமைத்தனம் கொடுத்துப் பார்த்தேன். காது மந்தம் என்று மாற்றிப் பார்த்தேன். எதற்கும் அவன் மசியவில்லை, ஏனென்றால் அவன் நான்தான்.*

[* பெயின்டரின் மனசுக்குள் புகுந்து இவ்வளவு எழுதினேனே, அதில் பாதி அவரே பின்னால் என்னிடம் சொன்னது. மீதி என் ஊகம். என் மனசுக்குள் நடந்ததற்கு மட்டும் ஊகம் தேவைப்படவில்லை, அதனால்தான் அதை எழுத இவ்வளவு நாளாயிற்று.]

மூன்று வாரமாக அந்தப் பச்சைக் கிட்டாரைப் பார்க்கவே அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கம்பியை மீட்டும் ஒரு பிக், ஒரு கம்பி என்று ஒப்புக்கு ஏதாவது வாங்கி வருவேன். சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. முன்பணம் கொடுத்து நிறுத்தி வைக்கச் சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதன் பின்மூடியைக் கழற்றியும் பார்த்திருந்தேன். உள்ளே பழைய நிறம் அப்படியே இருந்தது. விரிசலில்லை, ஒட்டில்லை. யாரோ ஒருவருக்குப் பச்சை பிடித்திருந்தது, அவ்வளவுதான். சிவப்பின் கழுத்து வளைந்திருந்ததையும் பார்த்திருந்தேன். இரண்டைப் பற்றியும் அந்தக் கடையில் என்னைவிட விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. கடைக்காரருக்கு எது போனாலும் சரி. கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

பெயின்டர் என்னிடம் வந்தார்.

“தம்பி, வாசிக்கிற ஆள் மாதிரி இருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. இது அடிபட்டதா இருக்குமா?”

அவர் மனைவி பச்சையின்மேல் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

மூன்றாவது வரைவில் ‘ஆமாம், அடிபட்டதுதான்’ என்று என்னைச் சொல்ல வைத்தேன். அது நான் செய்ததைவிடக் கொஞ்சம் கௌரவமான காரியம். பொய்யனுக்காவது தான் பொய் சொன்னது தெரியும். நான் உண்மையில் சொன்னது இது:

“பெயின்ட் விஷயம் உங்களுக்குத் தெரியாததா, அண்ணே?”

சிரித்துக்கொண்டு சொன்னேன். மரியாதையாகச் சொன்னேன். அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. கடைக்குள் வந்ததிலிருந்து தெரியாத உலகத்தில் தடுமாறிக்கொண்டிருந்த மனிதருக்கு, தெரிந்த இடத்தில் காலூன்றக் கிடைத்தது. சிவப்பைக் கட்டச் சொன்னார்.

“நீங்க பாத்துச் சொன்னா சரிதாங்க” என்றாள் அவள். பச்சையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து நான் பச்சையை வாங்கிவந்தேன்.

5

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் மறந்து தொலைத்திருப்பேன். மனிதன் எதைத்தான் மறப்பதில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து என் ஸ்கூட்டரை ஒரு வேன் உரசியது. யாரோ ஒரு பட்டறையைச் சொன்னார்கள். போனால், முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு அவரே வருகிறார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் மனிதர்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, உரசலைத்தான் பார்த்தார். அதன் பக்கத்தில் கிட்டார் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன் அதை உரிக்க வேண்டும். நகத்தால் சுரண்டிக்கொண்டே, “நீங்க வாசிப்பீங்களா சார்?” என்று கேட்டார். தம்பியிலிருந்து சாருக்கு வந்திருந்தேன்.

ஏதோ கொஞ்சம் என்றேன். அது அடக்கமில்லை. கிட்டார் வாங்குவது எப்படி என்று எழுதத் தெரிந்த அளவுக்கு எனக்கு வாசிக்கத் தெரியாது. பச்சை என் வீட்டுச் சுவரோரம் நிற்கிறது. சில நாள் அதன்மேல் துண்டு காய்கிறது.

“எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு” என்றார். மேலே சொன்ன பேருந்து, மெல்லிய சுவர், பதினெட்டு வருஷம் எல்லாம் அப்போது அவர் சொன்னவைதான். நாலு மாசம் விடாமல் உட்கார்ந்தாளாம். விரல் நுனியெல்லாம் கொப்புளம். தொழிற்சாலையில் பொத்தானைப் பிடிக்க முடியாமல் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு போனாளாம். இணையத்தில் பார்த்துச் சொன்னபடியெல்லாம் செய்தும் சுரம் எழும்பவில்லை. ஒருநாள் அதை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

“நாப்பது வயசுக்கு மேல விரல் வளையாதுன்னு அவளே சொல்லிட்டா சார். பொருள்ல கொற சொல்ல முடியாது. இன்னைக்கும் ஒரு கீறல் கெடையாது. நான்தான் வீணா ஆச காட்டிட்டேன்.”

நாளெல்லாம் ஊசிக்குக் கீழே பொத்தானைத் தள்ளித் தள்ளி எடுக்கும் விரல்கள். அவை வளையாதாம். இப்போது பேருந்தில் அவள் பாட்டுக் கேட்பதில்லை என்றும் சொன்னார்.

கிட்டாரின் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. ஆறு பட்டை முனையுள்ள சின்னத் திருகுசாவியை, ஆலன் கீயை, நுழைத்து அதைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பினால் வளைவு நிமிரும், கம்பிகள் இறங்கிவரும். பத்து நிமிஷ வேலை. அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்குப் பின்னால் பட்டறைச் சுவரில், சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக ஆலன் கீகள் தொங்கிக்கொண்டிருந்தன.

‘கழுத்து வளைஞ்சிருக்கும், கொண்டு வாங்க’ என்று சொன்னால் போதும். சொன்னால், பார்க்காமலே உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். அல்லது, என் வீட்டுக்கே கொண்டுவருவார். சுவரோரம் பச்சை நிற்கும். மனித முகம் அவருக்கு மறக்கலாம், பெயின்ட் மறக்காது.

“அப்படியா” என்றேன். ஸ்கூட்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கடையில் செய்ததற்காவது ஆசை என்று ஒரு சப்பைக்கட்டு உண்டு.

6

முடிவுகள்.

(அ) அவன் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறான். எதையும் ஒப்புக்கொள்ளாமல், தற்செயலாக வந்தவன் போலச் சிவப்பைக் கேட்டு வாங்கிக் கழுத்தைச் சரிசெய்கிறான். அவள் அழுத்துகிறாள், சுரம் வருகிறது. எல்லோரும் அவனைக் கொண்டாடுகிறார்கள். (இதைத்தான் முதலில் எழுதினேன். என் புத்தி போகிற போக்கைப் பாருங்கள். தப்பு செய்தவனுக்கே மாலையும் போடுகிறது.)

(ஆ) அவன் பச்சையையே எடுத்துக்கொண்டு போகிறான். கதவைத் திறப்பது அவள். உறையைப் பிரித்ததும் அவர் பெயின்டைப் பார்க்கிறார், பிறகு முதல்முறையாக அவன் முகத்தைப் பார்க்கிறார். அவள் எதுவும் கேட்காமல் மடியில் வாங்கி, ஒரு விரலை வைத்து, அழுத்தி—

(இ) அவன் போகவில்லை. கட்டுரையை அனுப்பிவிடுகிறான். நிறையப் பேர் படிக்கிறார்கள்.

(இ) எனக்குச் சுலபமாக வரும். பழகியிருக்கிறேன். (ஆ)-வில் அந்த ‘அழுத்தி’-க்கு மேல் என்னால் போக முடியவில்லை. சுரம் வரும், அது தெரியும். அது வந்ததும், தன் விரல்களில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் வீணாகத் தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டது தெரிந்துவிடும். அந்த நிமிஷம் அவள் சந்தோஷப்படுவாளா, உடைந்துபோவாளா? அவளுக்கு உண்மை தெரிவது அவளுக்கு நல்லதா, அல்லது என் பாரம் இறங்குவதற்காக மட்டும் நான் போகப்போகிறேனா? இதில் எனக்கு விவரம் போதவில்லை.

பச்சையை உறையில் போட்டு வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆலன் கீ சட்டைப்பையில் இருக்கிறது. பட்டறைக்குப் பேருந்தில் இருபது நிமிஷம். ஐந்தாவது குறிப்பு இன்னும் ‘கே—’ என்றுதான் நிற்கிறது.

இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். விவரம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

‘உங்களுக்குத் தெரியாததா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.