தம்பி வைத்த வேகம்

எங்கள் வீட்டில் மாலை செபத்தை முன்னின்று சொல்வது ஆண்பிள்ளையின் வேலை. யார் வைத்த சட்டமோ தெரியாது. நான் மூத்தவள், மாதாவைப் பட்டம் பட்டமாகச் சொல்லி வேண்டும் மன்றாட்டு மாலை எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் செபப்புத்தகம் தம்பி பெர்னார்ட் கைக்குத்தான் போகும். அவனுக்கோ முட்டி போட்டவுடன் கொட்டாவி வந்துவிடும். மாதாவின் பட்டங்களில் நாலைந்தை விழுங்கிவிட்டு எழுந்து ஓடப் பார்ப்பான். அம்மாவா விடுவார்? "முழுங்கினதைத் திரும்பச் சொல்லு" என்று உட்கார வைத்துவிடுவார்.

அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் கம்ப்யூட்டர். பாலிடெக்னிக் படிப்புக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்த பெட்டியில் மன்றாட்டு மாலை முழுவதையும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, ஒரு புரோகிராமாக எழுதி வைத்தான். திரையில் பச்சை எழுத்தில் ஒரு பட்டம் வரும், கூடவே 'பீப்' என்று சத்தம் கேட்கும். நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுத்து அடுத்த பட்டம் வரும்.

"இனிமே இதுதான் செபம் சொல்லும். நான் உங்களோட சேர்ந்து பதில் சொல்றேன், போதுமா?" என்றான்.

சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு பாடுபட்டவனை நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஆங்கில எழுத்து வராது. பட்டங்கள் எல்லாம் மனப்பாடம் என்பதால் அந்தச் சத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது. பிள்ளை செய்தது என்ற பெருமை வேறு.

அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள்தான் அனுபவிக்க முடிந்தது. புக்கிட் தீமா சாலையில், மழையில், தம்பியின் மோட்டார்சைக்கிள் சறுக்கியது. இருபது வயது அவனுக்கு. சாப்பாடு, நடை, பேச்சு எல்லாவற்றிலும் அவசரப்பட்டவன், போவதிலும் அவசரப்பட்டான்.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அப்பா செபப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "அதைப் போடு, மதலேனா" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். அன்றிலிருந்து இரண்டு வருடமாக, புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில் செபத்தை நடத்தியது பெர்னார்ட்தான். கோயில் ஆட்கள் சிலர் பார்த்துவிட்டு ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளையா செத்தது?

"அவன் வேகத்துலயே வருது பாரு. அவன் சொல்ற மாதிரியே இருக்கு" என்பார் அம்மா.

பிறகு பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாதிச் செபத்தில் திரை அப்படியே உறைந்து நிற்கும். அடுத்த சத்தத்துக்காக அம்மா தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். அது வராது. நான் அணைத்து மறுபடி போடும்வரை நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்ன செய்தும் அது உயிர் பெறவில்லை. அன்று அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அப்பா தஞ்சோங் பகாரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மறுநாளே லீவு போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டாக்சியில் தேக்காவுக்குக் கிளம்பினார். நானும் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியில் சாகுல் ஹமீது என்பவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். இந்தப் பெட்டியை வாங்கியதும் அவரிடம்தான்.

மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு லா அங்கிள்" என்றார். "இந்த மாடல் இப்ப வர்றதில்ல. டூ-எய்ட்டி-சிக்ஸ் போர்டு போட்டுருங்க. பிராசசர் அதோடயே வரும். பழசைவிட அஞ்சாறு மடங்கு ஸ்பீடு."

வேகம் பற்றிச் சொன்னது அப்பா காதில் ஏறவில்லை. அவருக்கு இருந்தது ஒரே கேள்விதான். "உள்ள பையன் எழுதினது இருக்கு. அது அழிஞ்சுடாதே?"

"அது டிஸ்க்ல இருக்கு அங்கிள். போர்டு மாத்தினா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி, பழைய போர்டைத் தூக்கி வெளியே வைத்தார். அப்பா கைக்குட்டையால் அதன் தூசியைத் துடைத்தார். செத்துப்போன போர்டைத் துடைத்து என்ன ஆகப்போகிறது?

மாலையில் அம்மா மெழுகுத்திரி ஏற்றினார். மூவரும் முட்டி போட்டோம். நான் டிஸ்கைப் போட்டுத் தொடங்கி வைத்தேன்.

பீப், பீப், பீப் என்று பட்டங்கள் ஓட ஆரம்பித்தன. நாங்கள் "எங்களுக்காக" என்பதற்குள் மூன்று போய்விட்டன. அம்மா விடாமல் துரத்தினார். அவருக்கு ஆஸ்துமா. மூச்சு இரைத்து, வார்த்தை உடைந்து, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. நான் மருந்தை எடுத்துக் கொடுப்பதற்குள் திரையில் 'ஆமென்' வந்து நின்றது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நாங்கள் வேதக்காரர்கள்தான், ஆனாலும் அப்பாவின் முகத்துக்கு வேறு பழமொழி கிடையாது.

"இது அவன் இல்ல" என்றார் அம்மா.

அப்பா சாகுல் ஹமீதுக்கு போன் போட்டார். பேசி முடித்ததும் கடைக்காரர் சொன்னதை எங்களுக்குச் சொன்னார். ஒரு பட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, நேரம் போவதற்காக, ஓர் எண் வரைக்கும் எண்ணும்படி தம்பி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருப்பானாம். பழைய பிராசசர் அதை மெதுவாக எண்ணியது. புதியது கண்மூடித் திறப்பதற்குள் எண்ணிவிடுகிறது. அந்த எண்ணைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும்.

"அவன் போட்டதுல கை வைக்கணுமா?" என்று கேட்டார் அம்மா.

"வேற வழியில்ல, மேரி" என்றார் அப்பா.

ஆபீசில் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. புரோகிராமில் அந்த வரியைத் தேடிப் பிடித்தேன். நாலாயிரம் என்று இருந்தது. அதை அழித்தேன். பெரிய எண்ணாகப் போட்டு ஓடவிட்டேன்.

"ரொம்ப மெதுவு" என்றார் அம்மா.

குறைத்தேன்.

"அவன் இன்னும் வேகம்."

மறுபடி குறைத்தேன். திரையில் பட்டம் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொ" என்றார். அதற்குள் அடுத்த சத்தம் வந்துவிட்டது. "இதுதான். இப்படியே விட்டுடு" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "நீ சொல்லியே முடிக்கலையே?"

"அவன் வேகத்துல நான் என்னைக்கு முடிச்சேன்? மூச்சு எங்க பத்துது?"

இரண்டு வருடம் பக்கத்தில் முட்டி போட்டிருக்கிறோம். எங்கள் குரலில் அம்மா பாதியில் விட்டது கேட்கவே இல்லை.

"அவன் இருந்தப்ப சொல்லியிருக்கலாம்லம்மா" என்றேன்.

"சொன்னேன். கடைசி நாள், செபம் முடிஞ்சு எந்திரிக்கிறப்ப. அம்மாவுக்கு மூச்சு வாங்குதுடா, கொஞ்சம் மெதுவா வையேன்னு. 'நாளைக்கு மாத்திடுறேம்மா'ன்னான். ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டு இறங்கிட்டான்."

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன். ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும்? நான் மாற்றிக்கொண்டுதானே இருக்கிறேன்.

அப்பா, "இப்ப எப்படி வைக்கச் சொல்றே?" என்று கேட்டார்.

அம்மா மெழுகுத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடைசி எழுத்துகளை இத்தனை நாளும் அவர் அவனுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவன் மாத்துறேன்னு சொல்லிட்டுத்தானே போனான்" என்றார் அம்மா. "நீ மாத்திடு, மதலேனா."

மாற்றினேன். முதலிலிருந்து தொடங்கினோம். பட்டம் வந்தது, சத்தம் வந்தது. அம்மா அவசரப்படாமல், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தார். முடித்த பிறகும் திரை காத்திருந்தது. அம்மாவுக்கு அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

'வியாதிக்காரரின் ஆரோக்கியமே' என்ற பட்டம் வந்தபோது, பதிலைச் சொல்லி முடித்துவிட்டு அழ ஆரம்பித்தார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. சத்தம் வந்ததும் நிறுத்தினார், பதில் சொன்னார், மறுபடி அழுதார். அப்பா கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருடமாக மகன் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தவருக்கு அழ எங்கே நேரம் இருந்தது?

திரையில் 'ஆமென்' வரும்வரை அப்படியே நடந்தது. அம்மா ஒவ்வொரு பதிலையும் முழுசாகச் சொன்னார், மீதி இருந்த நேரத்திலெல்லாம் அழுதார்.